சங்கம் இல்லாத கம்பெனியில் கமிட்டி போடுவது எப்படி

"ஆடிட் வருதுங்கக்கா, அதுக்குள்ள ஒரு கமிட்டி போட்டுக் குடுங்க" என்று யாராவது போன் பண்ணினால், "எந்தக் கமிட்டி கண்ணு?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் பதில் இருக்காது. ஆடிட் என்றால் இங்கே கணக்குத் தணிக்கை அல்ல. சரக்கு வாங்கும் கம்பெனி, அதாவது பையர், ஆள் அனுப்பித் தொழிலாளர் நிலைமையைப் பார்ப்பது. திருப்பூரைச் சுற்றிப் பெருமாநல்லூர், அவிநாசி, காங்கேயம் ரோடு என்று எந்தப் பனியன் கம்பெனிக்குள் போனாலும் நோட்டீஸ் போர்டில் நாலைந்து கமிட்டிகளின் போட்டோ ஒட்டியிருக்கும். எல்லாவற்றிலும் அதே ஆறு முகம். அந்த ஆறு பேரிடமே போய்க் கேட்டால், "போட்டோ எடுத்தாங்க, எதுக்குன்னு தெரியலீங்க" என்பார்கள்.

செக்கிங் டேபிளில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு படித்து, வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சின்ன, நடுத்தர யூனிட்களுக்குக் கமிட்டி அமைத்துக் கொடுப்பதும் புதிதாக வந்த ஹெச்.ஆர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும்தான் வேலை. இதை எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்காக. உங்கள் கம்பெனியில் சங்கம் இல்லை, தொழிலாளர் இருநூறு பேருக்குள், முதலாளி "ஒரு கமிட்டி போட்ருங்க" என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் தலைகளை எண்ணுங்கள். எந்தச் சட்டம் உங்களைக் கேள்வி கேட்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பத்துப் பேர் இருந்தாலே 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் கமிட்டி வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்த ஒருவர் வேண்டும். அமைக்காமல் விட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். இருபது பேர் என்றால் குறைதீர்ப்புக் கமிட்டி. நூறு பேர் என்றால், அரசு உத்தரவிட்டால், பணிக்குழு. அதைத்தான் நம் ஊரில் ஒர்க்ஸ் கமிட்டி என்கிறோம். கேன்டீனும் நூறு பேர் இருந்தால் நடத்தச் சொல்லலாம், பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் அதற்கும் தொழிலாளர் பங்கு உள்ள நிர்வாகக் குழு இருந்தது. பணிக்குழு புதிதல்ல, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் மூன்றாம் பிரிவாகவே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பணிக்குழு அதில் மூன்றாம் பிரிவு, குறைதீர்ப்புக் கமிட்டி நாலாம் பிரிவு. பழைய பிரிவு எண்களைப் போட்டு அடித்த ரெஜிஸ்டர் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் உள்ளே புரட்டிப் பாருங்கள்.

இந்தக் கமிட்டிகளை ஒன்றாக்கி ஒரே புத்தகத்தில் எழுதுவதைப் போலக் குழப்பம் வேறில்லை. ஃபேன் ஓடவில்லை என்பதைப் பேசுகிற இடத்தில் ஒரு பெண் சூப்பர்வைசர் மேல் புகார் சொல்ல வாய் திறப்பாளா? உள்ளகக் கமிட்டிக்குத் தனிப் புத்தகம், தனிப் பூட்டு. குறைதீர்ப்புக் கமிட்டி தனி ஆளின் குறைக்கு. சம்பளத்தில் பிடித்தம் செய்தது சரியா, லீவு ஏன் மறுத்தார்கள், எச்சரிக்கைக் கடிதம் ஏன் கொடுத்தார்கள், இந்த மாதிரி. பணிக்குழு எல்லோருக்கும் பொதுவான விஷயத்துக்கு. தண்ணி, பாத்ரூம், வெளிச்சம், வேன், கேன்டீன், பாதுகாப்பு.

சம்பளம்? அங்கேதான் கோடு போட வேண்டும், அதற்கு முன்னால் ஒரு அமெரிக்கக் கதை.

ஒரு யூனிட்டுக்கு அமெரிக்க பையர் அனுப்பிய கையேடு ஒன்றைப் பார்த்தேன். தொழிலாளர் பங்கேற்புக் குழு அமைக்கச் சொல்லிவிட்டு, கீழேயே தடித்த எழுத்தில், இந்தக் குழுவில் சம்பளம், வேலை நேரம், போனஸ் பேசக் கூடாது என்று போட்டிருந்தது. ஹெச்.ஆர். தம்பிக்குக் கோபம். "எல்லாத்தையும் பேசுங்கன்னு ஒரு பக்கம், பேசாதீங்கன்னு ஒரு பக்கம். ஏனுங்கக்கா இப்படி?"

காரணம் அவர்கள் ஊர்ச் சட்டம். அங்கே 1920கள், 30களில் வெளிச் சங்கம் வந்துவிடக் கூடாதென்று முதலாளிகளே கம்பெனிக்குள் பிரதிநிதிக் குழுக்களை வைத்து நடத்தினார்கள். 1935இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் அதற்கு ஆணி அடித்தது. தொழிலாளர் அமைப்பு எதையும் முதலாளி ஆட்டிப்படைக்கவோ, பணம் கொடுத்துத் தாங்கவோ கூடாது என்றது. 'அமைப்பு' என்பதற்கும் மிக அகலமாக விளக்கம் வைத்தது. தொழிலாளர்கள் கலந்துகொண்டு, குறைகள், சம்பளம், வேலை நேரம், வேலை நிலைமை பற்றி நிர்வாகத்துடன் பேசுகிற எந்தக் குழுவும் அதில் அடங்கும். சங்கம் என்ற பெயர்கூட வேண்டாம்.

அந்த விளக்கத்தில் மாட்டிக்கொண்டதுதான் இண்டியானா மாநிலம் எல்க்ஹார்ட்டில் இருந்த எலெக்ட்ரோமேஷன் என்ற மின்பாகக் கம்பெனி. சங்கம் இல்லாத இடம். 1989இல் வருகை போனஸை மாற்றியதும் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நிர்வாகம் உடனே ஐந்து குழுக்களை அமைத்தது. வராமை, புகை பிடித்தல், தகவல் தொடர்பு, சம்பள உயர்வு, வருகை போனஸ் என்று ஆளுக்கொரு தலைப்பு. தலைப்பு முதல் குழுவின் அளவு வரை நிர்வாகமே வகுத்தது. 1992 டிசம்பரில் அந்த நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம் இது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பது எடுபடவில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1994இல் அதையே உறுதி செய்தது. இந்த மாதிரிக் குழுக்களுக்கு வழிவிட அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, 1996 ஜூலையில் அதிபர் கிளின்டன் வீட்டோ செய்துவிட்டார். அதனால் பழைய கோடு அப்படியே நிற்கிறது. பையரின் வக்கீல் அதை மனதில் வைத்து எழுதிய வரி, கப்பலேறித் திருப்பூர் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் சட்டம் நேர் எதிர். அங்கே முதலாளி குழு அமைத்தால் குற்றமாகலாம், இங்கே அமைக்காவிட்டால் கேள்வி வரும். ஆனால் அடியில் ஓடுகிற பயம் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். முதலாளியே தொழிலாளர் சங்கத்தை ஆரம்பிப்பதும், காசு கொடுத்து ஆட்டி வைப்பதும் நம் சட்டத்திலும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைப் பட்டியலில் இருக்கிறது. பழைய சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது, புதிய தொகுப்பின் இரண்டாம் அட்டவணைக்கு வந்திருக்கிறது.

அந்த அமெரிக்க வழக்குகளில் இன்னொன்று நமக்குப் பயன்படும். 2001இல் கிரவுன் கார்க் அண்ட் சீல் என்ற டப்பா கம்பெனியின் டெக்சஸ் ஆலையில் இருந்த குழுக்கள் தப்பித்துவிட்டன. அவை நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் குழுக்கள் அல்ல, தங்கள் வேலைப் பகுதியில் தாங்களே முடிவெடுக்கும் குழுக்கள் என்பதுதான் வாரியம் சொன்ன காரணம். சட்ட நுணுக்கத்தை அங்கேயே விடுங்கள். கேட்கிற கமிட்டி வேறு, முடிவெடுக்கிற கமிட்டி வேறு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கமிட்டிகள் செத்துப்போவது எல்லாமே கேட்கிற கமிட்டியாக இருப்பதால்தான். மூன்று கூட்டம் கேட்பார்கள், மூன்று தரமும் "எம்.டி.கிட்டச் சொல்றோம்" என்று பதில் வரும், நாலாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

ஆகவே கமிட்டி அமைக்கும் முன்பே முதலாளியிடம் உட்கார்ந்து மூன்று பட்டியல் எழுதி வாங்குங்கள். ஒன்று, கமிட்டியே முடிவெடுத்துக்கொள்ளும் விஷயங்கள். டீ எந்தக் கடையில் வாங்குவது, கேன்டீனில் என்ன கிழமை என்ன சமையல், வேன் எந்த ஸ்டாப்பில் நிற்பது, ஆயுத பூஜைக்கு என்ன செய்வது, சின்னச் சின்னப் பழுதுக்கு மாதம் இவ்வளவு ரூபாய். தொகை சிறிதாக இருக்கட்டும், அவர்கள் கையெழுத்தில் செலவாக வேண்டும். இரண்டு, கமிட்டி கேட்கலாம், நிர்வாகம் தேதி போட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்கிற விஷயங்கள். மூன்று, கமிட்டியின் கையில் இல்லாதவை. ஷிப்ட் சம்பளம், பீஸ் ரேட், வேலை நேரம், ஷிப்டை மாற்றுவது, ஆள் குறைப்பு.

மூன்றாவது பட்டியலைப் பார்த்ததும் "அப்ப எதுக்குங்க கமிட்டி?" என்பார்கள் தொழிலாளர்கள். நியாயமான கேள்வி. முதலாளிக்கோ நேர் எதிரான ஆசை வரும். "கமிட்டி மெம்பர்கிட்டக் கையெழுத்து வாங்கி ஷிப்டை மாத்திக்கலாமுங்களா?" மாற்ற முடியாது. 1960இல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. பணிக்குழுவில் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லி ஆலையில் வேலைமுறையை மாற்றினார்கள். பணிக்குழு உறுப்பினர்கள் எல்லா விஷயத்துக்கும் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் அல்ல, அவர்கள் சம்மதம் மற்றவர்களைக் கட்டாது என்றது நீதிமன்றம். சம்பளம், வேலை நேரம், ஷிப்ட் போன்றவற்றில் மாற்றம் என்றால் தொழிலாளர்களுக்கு முறையாக 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலும் அதுதான், புதியதிலும் அதுதான்.

சம்பளம் பேசக் கூடாது என்று வாயை அடைக்காதீர்கள், அது வேறு. பேசட்டும், எழுதுங்கள், மேலே அனுப்புங்கள். அங்கே முடிவு செய்ய முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். இது 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர். முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போடும் ஒப்பந்தத்தில் என்ன ரேட் வந்திருக்கிறது என்பது சங்கமே இல்லாத கம்பெனியில் கைமடி போடும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். "நம்மகிட்ட அந்தப் பேச்சே இல்லீங்க" என்று ஹெச்.ஆர். சொன்னால் அவள் சிரிப்பாள்.

இனி தேர்தல். சூப்பர்வைசரிடம் "நாலு நல்ல ஆளா சொல்லுங்க" என்று கேட்டு எடுப்பதைத் தேர்வு என்று நினைக்கிறவர்கள் இங்கே நிறைய. அந்த நாலு பேர் பேசமாட்டார்கள், அதற்காகத்தான் அவர் அவர்களைச் சொன்னார். ஓட்டு வையுங்கள்.

இடங்களைப் பிரிவு வாரியாக ஒதுக்குங்கள். கட்டிங்குக்கு ஒன்று, பவர்டேபிளுக்கு, அதாவது தையல் மிஷின் வரிசைக்கு, இரண்டு, செக்கிங்கும் கைமடியும் சேர்ந்து ஒன்று, அயர்னிங் பேக்கிங்குக்கு ஒன்று. பவர்டேபிளில்தான் ஆள் அதிகம், அவர்களிடமே விட்டால் அயர்ன்காரருக்கு இடம் கிடைக்காது. வெக்கையில் நிற்பவர் அவர்தான். ஹாஸ்டல் பெண்கள் இருந்தால் அவர்களுக்கென்று ஓர் இடம். ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும். அவர்களை விட்டுவிட்டுக் கமிட்டி நடத்தும் யூனிட்டில் பாதிப் பேரின் குறை புத்தகத்தில் ஏறவே ஏறாது.

பணிக்குழுவில் தொழிலாளர் பக்கம் நிர்வாகத்தின் பக்கத்தைவிடக் குறையக் கூடாது. குறைதீர்ப்புக் கமிட்டியில் இரண்டு பக்கமும் சமம், மொத்தம் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது, தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை பங்கோ அதற்குக் குறையாமல் கமிட்டியிலும் பெண்கள் வேண்டும், தலைவர் பதவி ஒரு வருஷம் நிர்வாகத்துக்கு, மறு வருஷம் தொழிலாளருக்கு. மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் சட்டப்படி தொழிலாளர் கணக்கில் வரமாட்டார், லைன் சூப்பர்வைசரைத் தொழிலாளர் பக்கம் உட்கார வைக்காதீர்கள்.

ஓட்டுச் சீட்டில் பெயர் மட்டும் போட்டால் தமிழ் வாசிக்கத் தெரியாத ஆள் பக்கத்து ஆளிடம் கேட்பார். சின்னம் கொடுங்கள். நாங்கள் கொடுப்பது கத்தரிக்கோல், நூல்கோன், அயர்ன் பாக்ஸ், இஞ்ச் டேப், பாபின். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே கட்டிங் பிளேடால் ஒரு கீறல் போட்டால் ஓட்டுப்பெட்டி ரெடி. அதை ஹெச்.ஆர். ரூமில் வைக்காதீர்கள், கேமராவுக்குக் கீழேயும் வேண்டாம். துணி ரோல் அடுக்கியிருக்கும் மூலை நல்ல மறைவு. சனிக்கிழமை வைக்கவே வைக்காதீர்கள். அன்று சம்பள நாள், மனசெல்லாம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருக்கும். புதன்கிழமை பதினொரு மணி டீ நேரம் தோதாக வரும். எண்ணும்போது ஓட்டுப் போட்டவர்களே சுற்றி நிற்கட்டும்.

நிர்வாகத்தின் பக்கம் யார் என்பதில் யாரும் கவனம் வைப்பதில்லை. ஹெச்.ஆர்., அக்கவுண்டன்ட், முதலாளியின் மச்சினன் என்று போட்டுவிடுவார்கள். மெயின்டனன்ஸ் பார்க்கும் எலக்ட்ரீசியனைப் போடுங்கள். கமிட்டியில் வரும் விஷயத்தில் முக்கால்வாசி ஸ்பேனரும் டெஸ்டரும் கேட்கிற விஷயம்தான். "அந்த எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு கெப்பாசிட்டர் போயிருச்சுங்க, நாளைக்கு மாத்திடறேன்" என்று ஒருத்தர் அங்கேயே சொன்னால் கமிட்டிக்கு அன்றே மரியாதை வந்துவிடும். புரொடக்‌ஷன் மேனேஜரும் இருக்க வேண்டும், ஏனென்றால் மீதிக் கால்வாசி அவரைப் பற்றியது.

கூட்டத்தை ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள். ஐந்தரை மணிக்கு மேல் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் கண் கடிகாரத்தில் இருக்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் வேண்டவே வேண்டாம். பீஸ் ரேட் டைலரின் கணக்கை மறக்காதீர்கள். ஒரு மணி நேரம் மிஷினை விட்டு எழுந்தால் அவருக்கு அவ்வளவு பீஸ் போச்சு. அவரது சராசரிப்படி அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். இது இல்லாததால்தான் பல கமிட்டிகளில் ஷிப்ட் சம்பளக்காரர் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

ஒரு யூனிட்டில் பாத்ரூம் டோக்கன் பிரச்சனை வந்தது. லைனுக்கு இரண்டு டோக்கன், அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம். செக்கிங்கில் இருந்த ஒரு அம்மிணி கூட்டத்தில் எழுந்து, "டோக்கன் வாரதுக்குள்ள தண்ணி குடிக்கிறதையே உட்டுட்டோமுங்க" என்றது. புரொடக்‌ஷன் மேனேஜர் உடனே டார்கெட் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர், "ஏனுங் சார், உங்களுக்கு எத்தனை டோக்கனுங்க?" என்று கேட்டுவிட்டார். ரூமே சிரித்தது, மேனேஜரும் சிரித்துவிட்டார். ஒரு மாதம் டோக்கன் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது, ஒவ்வொரு லைனின் புரொடக்‌ஷனையும் அடுத்த கூட்டத்தில் வைப்பது என்று முடிவானது. புரொடக்‌ஷன் குறையவில்லை, டோக்கன் திரும்பி வரவில்லை. கவனித்துப் பாருங்கள், அங்கே யாரும் நியாயம் பேசி ஜெயிக்கவில்லை. ஒரு மாதம், ஒரு அளவு, ஒரு தேதி என்று கட்டியதுதான் வேலை செய்தது.

மினிட்ஸ் புத்தகத்துக்கு நாலு கட்டம் போதும். என்ன சொன்னார்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், என்ன ஆச்சு. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கூட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், கூடவே காரணத்தையும். "பரிசீலனையில்" என்ற சொல்லை என் புத்தகங்களில் எழுத விடமாட்டேன். ஆடிட்டருக்காக ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு வருஷத்து மினிட்ஸை எழுதுகிற பழக்கமும் வேண்டாம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பன்னிரண்டு மாதமும் "உணவு நன்றாக உள்ளது" என்று இருந்தால் யாருக்குத்தான் தெரியாது? ஆடிட்டர் புத்தகத்தை மூடிவிட்டு லைனில் போய் ஒரு ஆளிடம், "உங்க கமிட்டி மெம்பர் யாரு?" என்று கேட்பார். அங்கே தெரிந்துவிடும்.

குறைதீர்ப்புக் கமிட்டிக்கு மட்டும் கடிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. குறை எழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம், கமிட்டி முப்பது நாளில் முடிக்க வேண்டும். தொழிலாளர் பக்க உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளாத முடிவு, முடிவே அல்ல. தீர்வில் திருப்தி இல்லாதவர் அறுபது நாளுக்குள் சமரச அலுவலரிடம் போகலாம். ஆனால் தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் வழியாக என்கிறது சட்டம். சங்கமே இல்லாத கம்பெனியில் இந்தக் கதவு பாதிதான் திறக்கும். வேலையை விட்டு நீக்கியது போன்ற வழக்குக்கு மட்டும் தனியாள் நேராகப் போகலாம். இதைத் தொழிலாளர்களிடம் மறைக்காதீர்கள். நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள், உள்ளே அடைத்து வைத்த குறை வெளியே வரும்போது கமிட்டியாக வராது, கேட் முன்னால் கூட்டமாக வரும்.

கடைசியாக, எல்லா முதலாளியும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. "இந்தக் கமிட்டி நல்லா நடந்தா சங்கம் வராதுங்களா?" வரலாம், வராமலும் இருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு மனு கொடுக்கலாம், கம்பெனித் தொழிலாளர்களில் பத்து சதவீதமோ நூறு பேரோ, இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் போதும். கமிட்டி மெம்பர் ஒருவரே அதை ஆரம்பித்தாலும் அவரைச் செக்‌ஷன் மாற்றுவது, அவருக்கு மட்டும் ஓவர்டைமை நிறுத்துவது என்று எதிலும் இறங்காதீர்கள். அப்படிச் சொல்லி யாராவது உங்களிடம் லெட்டர் அடிக்கச் சொன்னால், மறுத்ததை எழுத்தில் வையுங்கள்.

சங்கம் பதிவாகி வந்துவிட்டால் கமிட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் பக்க உறுப்பினர்களைச் சங்கத்துடன் கலந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் மாறும். அடுத்த தேர்தலுக்கு முன் சங்கத்தின் செயலாளருக்கு, கம்பெனியில் எத்தனை பேர், எந்தச் செக்‌ஷனுக்கு எத்தனை இடம், ஓட்டு என்றைக்கு என்று ஒரு கடிதம் எழுதி, பதிவு சேர்த்த ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையை மினிட்ஸ் புத்தகத்திலேயே ஒட்டிவையுங்கள்.